நீரும் நம் மனப்போக்கும்

எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பென்சில் கோடு இருந்தது. 1995-ஆம் ஆண்டு கிள்ளான் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, தண்ணீர் நின்ற உயரத்தைத் தாத்தா குறித்து வைத்தார். முழங்கால் அளவுதான். நான் பிறப்பதற்கு முன் போட்ட கோடு என்றாலும், அதைப் பார்த்தே வளர்ந்தேன். "எவ்வளவு மழை பேஞ்சாலும் இதுக்கு மேல வராதுடா" என்பார் பாட்டி.

2021 டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. ஒரு மாதத்தில் பெய்யும் மழை ஒரே நாளில் கொட்டியதாகப் பிறகு அதிகாரிகள் கூறினர். அந்தச் சனிக்கிழமை என் கைப்பேசிக்கு மலாய்மொழியில் வெள்ள எச்சரிக்கை வந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் பாட்டிக்குப் படித்துச் சொல்வது என் வேலை. அன்று படித்தேன், சொல்லவில்லை. "பயப்படாதீங்க பாட்டி, கோட்டுக்கு மேல வராது" என்று மட்டும் சொன்னேன். அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் கோட்டுக்குச் சற்று மேலே ஏற்றி வைத்தோம்.

இரவில் தண்ணீர் என் மார்பளவு வந்தது. பக்கத்து மாடிவீட்டு அங்கிள்தான் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள்தான் படகு வந்தது. நாங்கள் பிழைத்தோம். நாட்டில் 54 பேர் பிழைக்கவில்லை. அந்த வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அனுபவம் என்னும் சிறை

படித்த பையன் ஏன் எச்சரிக்கையை நம்பவில்லை? பல்கலைக்கழகத்திற்கு வந்து புவியியல் பாடம் படித்தபோதுதான் விடை கிடைத்தது. அமெரிக்கப் புவியியலாளர் ராபர்ட் கேட்ஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், ஆற்றோர மக்கள் தங்கள் அனுபவத்துக்குள்ளேயே சிறைப்பட்டிருப்பதைக் காட்டினார். தாம் கண்ட வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளத்தை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை. அவருடைய ஆசிரியர் கில்பர்ட் ஒயிட், 1945-லேயே இன்னொன்றைச் சுட்டினார். கரையும் அணையும் கட்டினால் மக்கள் பயம் தெளிந்து, ஆற்றுக்கு இன்னும் அருகில் குடியேறுகிறார்கள். கரை தாங்காத நாளில் இழப்பு பன்மடங்காகிறது.

கிளந்தான் மக்களோ ஆண்டுதோறும் பருவமழை வெள்ளத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஆயினும் 2014 டிசம்பர் வெள்ளம் அவர்களுடைய பழைய அளவுகளையும் தாண்டியது. நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். பழக்கம் தைரியம் தரும், அளவு தராது.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு முறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுகளுக்கு வராது என்று நினைக்கிறோம். உண்மையில் அது, எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. அதாவது, நான்கில் ஒன்று!

குழாய் வற்றும்போது

வெள்ளத்தில் உள்ள இதே மனப்போக்கு குழாய்நீரிலும் உண்டு. 1998 வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 2014-இல் சிலாங்கூரிலும் நீர்ப்பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்ததால் சிலாங்கூரில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் நீர் நின்றது. அந்த நாள்களில் துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கு ஊற்றினோம். குழாய் திரும்பியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. குழாயில் நீர் இருப்பதே இயல்பு, இல்லாததே விபத்து என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

நம் குழாய்நீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்தே வருகிறது. வீட்டு முன்னால் ஓடும் வடிகாலும் ஆற்றுக்கே போகிறது. அதில் வீசும் குப்பை மழைநாளில் அடைப்பாகிறது. அதில் ஊற்றும் எண்ணெய் ஆற்றில் கலக்கிறது.

நம்மால் ஆவது

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தை யாரும் பார்க்கலாம். இயல்பு நிலைக்கு மேலே 'வஸ்படா', 'அமாரான்', 'பஹாயா' என மூன்று படிகள். விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று பொருள். உங்கள் வீட்டருகே உள்ள அளவீட்டு நிலையம் எது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் படியில் வீட்டைவிட்டுக் கிளம்புவது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் இரண்டு, மூன்று மொழிகள் கற்றவர்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எச்சரிக்கையைத் தமிழில் அவர்களிடம் கொண்டு சேர்ப்பதும் தமிழ்ப்பணிதான். அதை நான் ஒரு நாள் செய்யத் தவறினேன்.

வெள்ளத்துக்குப் பிறகு சுவருக்குப் புதிய சாயம் பூசினோம். தாத்தாவின் கோடு மறைந்துவிட்டது. புதிய கோடு போடலாமா என்று அப்பா பென்சிலை எடுத்தார். பாட்டி தடுத்துவிட்டார். "வேணாம்பா. கோடு போட்டா மறுபடியும் நம்பிடுவோம்."