முதலிடம் யாருக்கு?

வேதபாடம்: ஆகாய் 1-ம் அதிகாரம்

இந்த மாதம் நாம் தியானிக்கப்போவது ஆகாய் தீர்க்கதரிசியின் புஸ்தகம். இரண்டே அதிகாரம், மொத்தம் 38 வசனம். செப்பனியாவுக்கும் சகரியாவுக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்தைத் தேடிப் பிடிக்கிற நேரத்தில் வாசித்தே முடித்துவிடலாம்! வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி. கி.மு. 538-ல் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் கட்டளை கொடுக்க, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள். வேலைக்காரரைச் சேர்க்காமல் 42,360 பேர் (எஸ்றா 2:64). வந்ததும் பலிபீடம் கட்டினார்கள். லீபனோனிலிருந்து கேதுரு மரங்களைக் கடல்வழியாய் யோப்பாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். அஸ்திபாரமும் போட்டார்கள். பிறகு சுற்றியிருந்த ஜனங்களின் எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520 வரைக்கும் அப்படியே கிடந்தது. ஏறக்குறைய பதினாறு வருஷம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் பின்வாங்கிப்போனவர்கள் அல்ல. விக்கிரகத்துக்குப் போகவில்லை. ஆலயம் இல்லாவிட்டாலும் பலிபீடத்தில் பலி ஏறிக்கொண்டுதான் இருந்தது (2:14-ஐப் பாருங்கள்). ஆகாய்க்கு வார்த்தை உண்டானது ஆறாம் மாதம் முதலாந்தேதி. மாதப்பிறப்பு என்பது அவர்களுக்குப் பண்டிகை நாள், ஜனங்கள் ஆராதனைக்குக் கூடுகிற நாள். ஆக, தீர்க்கதரிசி பேசினது வெளியே இருந்தவர்களிடம் அல்ல, காணிக்கையோடு வந்து நின்றவர்களிடம். இது நமக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டிய இடம்.

அந்த ஜனங்கள் "கட்டமாட்டோம்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது அதற்கு நேரம் இல்லை என்றுதான் சொன்னார்கள் (வச.2). நானும் இத்தனை வருஷ ஊழியத்தில் "கர்த்தருக்கு முதலிடம் கொடுக்கமாட்டேன்" என்று சொன்ன விசுவாசி ஒருவரையும் பார்த்ததில்லை. நான் கேட்டதெல்லாம் வேறு. "பையன் பிளஸ் டூ முடிக்கட்டும் பாஸ்டர், குடும்ப ஜெபம் ஆரம்பிச்சிடுறோம்." "வீட்டு லோன் ஒண்ணு இருக்கு, அது அடையட்டும்." "பொண்ணு கல்யாணம் முடியட்டும்." பிளஸ் டூ முடிந்தால் காலேஜ் சீட், காலேஜ் முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் கல்யாணம். எல்லாம் உண்மையான காரணம்தான். யூதர்களுக்கும் உண்மையான காரணம் இருந்தது. எதிரி இருந்தான், பஞ்சம் இருந்தது. சத்துரு பொய்யான காரணத்தைக் கொண்டுவந்தால் நாம் கண்டுபிடித்துவிடுவோம். ஆகவே மெய்யான காரணத்தையே கொண்டுவருகிறான்.

ஆனால் கர்த்தர் ஒரே கேள்வியில் அதைப் பிரித்துக் காட்டினார். நீங்கள் மச்சு போட்ட வீட்டில் இருக்கிறீர்களே, அதற்கு மட்டும் நேரம் வந்ததா என்று கேட்டார் (வச.4). மச்சு என்றால் பலகை அடித்து அழகுபடுத்தின வீடு. ஒதுங்குவதற்கு வீடு கட்டினதைக் கர்த்தர் குற்றம் சொல்லவில்லை. பலகை அடிக்க மரம் கிடைத்தது, ஆசாரி கிடைத்தான், பணமும் கிடைத்தது. ஆலயம் என்றதும் மூன்றும் இல்லாமல் போயிற்று.

6-ம் வசனத்தில் ஒரு பட்டியல் வருகிறது. விதைத்தார்கள், அறுப்பு கொஞ்சம். சாப்பிட்டார்கள், திருப்தி இல்லை. குடித்தார்கள், போதவில்லை. உடுத்தினார்கள், குளிர் விடவில்லை. கூலி வாங்கினார்கள், அது பொத்தல் பையில் விழுந்தது. ஆலயம் பாழாய்க் கிடக்கிறது என்கிற எபிரெய வார்த்தைக்கும் (வச.9) நிலத்தின்மேல் வந்த வறட்சி என்கிற வார்த்தைக்கும் (வச.11) ஒரே மூன்று எழுத்துக்கள்தான். அங்கே எது நடந்ததோ அதுவே வயலிலும் நடந்தது.

இதை வைத்துக்கொண்டு உடனே கட்டட நிதி ரசீது புத்தகத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. நான் அதற்காக எழுதவில்லை. வருமானம் குறைந்த ஒவ்வொரு விசுவாசியையும் பார்த்து "நீ கர்த்தரை முதலில் வைக்கவில்லை" என்று சொல்லவும் கூடாது. பவுல் ஊழியத்தில்தான் இருந்தார், பட்டினியும் கிடந்தார் (பிலி. 4:12). யோபுவின் நண்பர்களைப்போல நாம் பேச வேண்டாம். ஆகாய் சொன்னது ஜனங்கள் தாங்களே தங்கள் வழிகளைச் சிந்திக்கும்படி. பக்கத்து வீட்டுக்காரர் வழியை அல்ல.

இயேசு மத்தேயு 6-ல் முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடச் சொன்ன இடத்தையும் வாசியுங்கள். என்னத்தை உண்போம், குடிப்போம், உடுப்போம் என்ற கவலைக்கு நடுவேதான் அதைச் சொன்னார். ஆகாயின் பட்டியலிலும் அதே மூன்று இருக்கிறது!

அப்படியானால் இன்று பாழாய்க் கிடக்கிற வீடு எது? நாமே தேவனுடைய ஆலயம் என்கிறது 1 கொரிந்தியர் 3:16. காலையில் கண் விழித்ததும் கை எதற்குப் போகிறது? மொபைலுக்கா, வேதத்துக்கா? அதற்காக மணிக்கணக்கு பார்க்கச் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து விழுகிற சகோதரனிடமும், நாலு மணிக்கே அடுப்பு பற்றவைக்கிற சகோதரியிடமும் போய் "அதிகாலை ஜெபம் எங்கே" என்று நான் கேட்கமாட்டேன். அடுப்பண்டையிலேயே கண்ணீரோடு ஜெபிக்கிற தாய்மார் உண்டு. முதலிடம் என்பது முடிவு எடுக்கிற இடத்தில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வருகிறது, இரட்டைச் சம்பளம். வரதட்சணையோடு வசதியான சம்பந்தம் வருகிறது, ஆனால் இரட்சிக்கப்படாத குடும்பம். அப்போது ஜெபித்துவிட்டு "சரி" சொல்கிறோமா, "சரி" சொல்லிவிட்டு ஜெபிக்க வருகிறோமா?

கர்த்தர் அந்த ஜனங்களிடம் கேட்டது எளிமையானது. மலைக்குப் போய் மரம் கொண்டுவரச் சொன்னார் (வச.8). லீபனோன் கேதுரு என்று இந்த முறை சொல்லவில்லை. பக்கத்து மலையில் இருக்கிறது போதும். பத்து நிமிஷ குடும்ப ஜெபம், ஒரு சங்கீதம், பிள்ளைகள் தலையில் கை வைத்து ஒரு ஆசீர்வாதம். இன்றைக்கு ராத்திரி இருக்கிற மரம் அதுதான்.

செருபாபேலும் யோசுவாவும் ஜனங்களும் கீழ்ப்படிந்தார்கள். ஆறாம் மாதம் 24-ந்தேதி வேலை ஆரம்பமாயிற்று (வச.15). பதினாறு வருஷம் வராத நேரம் 23 நாளில் வந்துவிட்டது! ஒன்பதாம் மாதம் 24-ந்தேதி கர்த்தர் மறுபடியும் பேசினார். அன்று திராட்சச்செடியோ அத்தியோ மாதுளையோ ஒலிவமோ கனி கொடுத்திருக்கவில்லை. ஆலயம் முடியவும் இன்னும் நாலு வருஷத்துக்குமேல் இருந்தது (எஸ்றா 6:15). ஆனாலும் அந்த நாளை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அன்று தொடங்கி ஆசீர்வதிப்பேன் என்றார் (2:18,19).

அடுத்த இதழில் இரண்டாம் அதிகாரம். வீட்டில் எல்லோருமாய்ச் சேர்ந்து ஒருமுறை சத்தமாய் வாசித்து வையுங்கள்.