வெளிநாட்டில் சலூன்: கடை யார் பெயரில்?

சவூதியிலோ டுபாயிலோ சிறிய சலூன் திறக்க நினைப்பவர் கதிரை, கண்ணாடி விலையைத்தான் முதலில் விசாரிப்பார். கடை யார் பெயரில் பதியப்படும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

அரபியின் பெயரில் அனுமதிப்பத்திரம் எடுத்து, மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை கொடுத்து நடத்துவது பழைய வழக்கம். கடை நன்றாக ஓடும்போது அவர் "இது என்னுடையது" என்றால் பதிவேடும் அதையே சொல்லும். போட்ட முதல் போய்விடும். சவூதியில் 2020இல் வந்த சட்டப்படி இத்தகைய மறைமுக வியாபாரத்துக்கு 5 வருடம் வரை சிறை, 50 இலட்சம் ரியால் வரை அபராதம். பெயர் கொடுத்தவரும் தப்பமாட்டார்.

டுபாயில் நிலைமை வேறு. முன்பு 51 வீதம் உள்நாட்டவருக்குப் போனது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களை வெளிநாட்டவர் முழுமையாகத் தம் பெயரிலேயே நடத்தலாம். இன்னமும் பங்கு கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். ஆனால் அங்கு வாடகை வருடக் கணக்கு. பின்திகதியிட்ட சில காசோலைகளாக முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். கடை பிடிக்காவிட்டாலும் காசோலை வங்கிக்குப் போகும்.