புரட்சிக் காலக் காதல் நாவல்கள் நம்மை ஏன் ஈர்க்கின்றன?

நம் சங்க நூலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் வாசகர் வட்டத்தில், சென்ற முறை சார்லஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவலைப் பற்றிப் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான் இலக்கியம் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே முப்பத்தெட்டு ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் சுருக்கப் பதிப்பாகப் படித்த அந்தக் கதையை, பிறகு முழுமையாக மூன்று முறை படித்திருக்கிறேன் என்பதுதான் என் ஒரே தகுதி.

பேசி முடித்ததும், ஆசிரியையாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் எழுந்தார். "ஐயா, ஆயிரக்கணக்கானவர்களின் தலை உருண்ட இடத்தில் ஒரு காதல் கதையை வைத்து ரசிப்பது சரிதானா? செத்தவர்களுக்கு அது அவமரியாதை இல்லையா?" என்று கேட்டார். அன்று எனக்குத் தக்க விடை சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாதமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அன்பர்கள் குறை இருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போரும் புரட்சியும் ஒன்றல்ல

தமிழ் வாசகர்களாகிய நமக்கு வரலாற்றுக் காதல் கதை புதிதல்ல. கல்கியும் சாண்டில்யனும் நம்மை அரண்மனைகளுக்கும் போர்க்களங்களுக்கும் அழைத்துச் சென்றவர்கள். ஆனால் அரசர்களின் போரில் எதிரி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறான். கோட்டைக் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர்கள் நம்மவர்கள்.

புரட்சியில் அப்படி இல்லை. எதிரி அடுத்த வீட்டில் இருக்கிறான். நேற்று வரை மது விற்ற கடைக்காரர் இன்று நீதி வழங்குகிறார். டிக்கன்ஸ் நாவலில் வரும் தெஃபார்ஜ் அம்மையார் கடையில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்துகொண்டிருப்பார். அந்தப் பின்னலுக்குள் சாக வேண்டியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நாவலில் அவர் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நடுங்கும். வீட்டுத் திண்ணையில் நடக்கும் சாதாரண வேலை மரணப் பட்டியல் ஆகிவிடுவதுதான் புரட்சிக் காலம்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் மற்றொருவரை நம்புவதே பெரிய துணிச்சல். காதல் என்பது நம்பிக்கையின் உச்சம் அல்லவா? ஆகவே நம்பிக்கை அரிதாகிப்போன காலத்தில் அதன் மதிப்பு தானாக உயர்கிறது. இது முதல் காரணம் என்பேன்.

தடையைத் தேடி அலைய வேண்டாம்

சாதாரணக் காதல் கதை எழுதுபவர் காதலர்களைப் பிரித்து வைக்கப் பாடுபட வேண்டும். கோபக்கார மாமா, தவறான கையில் சிக்கிய கடிதம், திடீர் நோய் என்று ஏதாவது கற்பனை செய்தாக வேண்டும். புரட்சிக் கதை எழுதுபவருக்கு அந்தச் சிரமம் இல்லை. நகர வாயில் மூடப்படுகிறது, சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளியேற முடியாது, பெயரே குற்றமாகிறது. பிரான்சில் 1793 செப்டம்பரில் இயற்றப்பட்ட சந்தேகத்துக்குரியோர் சட்டத்தின்படி, குற்றம் செய்தவர் மட்டுமல்ல, சந்தேகப்படும்படி பேசியவரையும் பழகியவரையும்கூடப் பிடித்து அடைக்கலாம். இதைவிடப் பெரிய தடையை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்ய முடியும்?

இன்னொன்று, தேதி. கதாபாத்திரங்களுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருக்கிறது. டிக்கன்ஸின் கதாநாயகன் சார்லஸ் டார்னே, பழைய ஊழியன் ஒருவனைக் காப்பாற்றுவதற்காக 1792 ஆகஸ்டில் லண்டனிலிருந்து பாரிசுக்குப் புறப்படுகிறான். மனைவி லூசியிடம் நேரில் சொல்லாமல் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அடுத்த மாதத் தொடக்கத்தில் பாரிசின் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கும்பல்களால் கொல்லப்பட்டது வரலாறு. அவனுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். முன்னால் பாலத்தில் வெள்ளம் ஏறிவிட்டது என்று கன்ட்ரோல் அறையில் இருப்பவருக்குத் தகவல் வந்துவிட்டது, வண்டியில் இருப்பவர்களோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் அந்த அறையில் எப்படி இருக்கும்? அத்தகைய இரவுகளைக் கண்டவன் என்பதால் சொல்கிறேன், பக்கத்தைப் புரட்டாமல் புத்தகத்தை மூட முடியாது.

தண்டவாளத்தின் மேல் ஒரு காதல்

என் தொழிலுக்கு நெருக்கமான நாவல் போரிஸ் பாஸ்டர்நாக் எழுதிய 'டாக்டர் ஷிவாகோ'. சோவியத் நாட்டில் வெளியிட மறுக்கப்பட்டு, 1957-ல் இத்தாலியில் முதலில் வெளிவந்தது. 1958-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டும், அரசின் நெருக்குதலால் அவர் அதை ஏற்க முடியவில்லை. சொந்த நாட்டில் அது அச்சானது 1988-ல்தான். ஆசிரியர் 1960-லேயே மறைந்துவிட்டார்.

ஷிவாகோவும் லாராவும் கொண்ட காதலைப் பலர் 1965-ல் வந்த திரைப்படத்தின் வழியே அறிவர். ஆனால் புத்தகத்தைப் படித்தால், அது கிட்டத்தட்ட ஒரு ரயில்வே நாவல் என்பது புரியும். ஷிவாகோவின் தந்தை ஓடும் ரயிலிலிருந்து குதித்து உயிர் விடுகிறார். 1905-ஆம் ஆண்டின் ரயில்வே வேலைநிறுத்தம் கதையில் வருகிறது. லாராவின் கணவன் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். அவனே பின்னர் ஸ்ட்ரெல்னிகாவ் என்ற பெயரில் கவச ரயிலில் வந்து ஊர்களை நடுங்க வைக்கிறான்.

ஷிவாகோ குடும்பம் மாஸ்கோவிலிருந்து யூரல் பகுதிக்குச் சரக்கு வண்டியில் போகும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். வழியில் ஒரு நிலையம் எரிந்து கிடக்கிறது. பனியை அகற்ற ஆளில்லாமல் பாதை மூடிப்போயிருக்கிறது. பயணிகளே மண்வெட்டி எடுத்து மூன்று நாள் பனியை வெட்டிப் பாதையைத் திறக்கிறார்கள். அந்த மூன்று நாள்தான் பயணத்திலேயே இனிமையான நாட்கள் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது! பாதை உடைந்தபின் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இரவெல்லாம் ஜல்லி அள்ளியவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். நாடே குலைந்து கிடக்கும்போது கைக்கெட்டிய ஒரு வேலையைச் செய்து முடிப்பதில் ஒரு நிறைவு உண்டு. அத்தகைய காலத்தில் காதலும் அதைப் போன்றதே. உலகத்தைச் சரி செய்ய முடியாதவர்கள் ஓர் அறையையாவது சூடாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

யாருடைய கதை விடுபடுகிறது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்வகை நாவல்கள் நம்மை ஏமாற்றவும் கூடும். பரனஸ் ஆர்ட்சியின் 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' 1905-ல் வெளிவந்தது. மாறுவேடத்தில் வந்து பிரெஞ்சுப் பிரபுக்களை மரணத்திலிருந்து மீட்கும் ஆங்கிலேய வீரனின் கதை. அக்கதாபாத்திரம் லண்டனில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது தம் மனத்தில் தோன்றியதாக அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஹங்கேரியில் பிறந்த அவரது குடும்பம், விவசாயிகளின் கலகத்தில் பண்ணை எரிக்கப்பட்டதால் ஊரை விட்டு வந்த குடும்பம். ஆகவே அவர் பார்வை எந்தப் பக்கம் சாயும் என்பது வியப்பல்ல.

அந்நாவலைப் படிப்பவர், பிரான்சில் கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் பிரபுக்கள் என்றே எண்ணிவிடுவார். உண்மை வேறு. 1793 - 94 பயங்கர ஆட்சியில் தண்டனை விதிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 17,000 பேர். அவர்களில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகப் பெரும்பாலோர் விவசாயிகள், தொழிலாளிகள், சிறு வணிகர்கள். அதுபோலவே, 1789 ஜூலை 14 அன்று தகர்க்கப்பட்ட பாஸ்டில் சிறையில் அப்போது இருந்த கைதிகள் ஏழே பேர்.

இந்த இடத்தில்தான் டிக்கன்ஸின் பெருமை எனக்குப் புரிந்தது. அவர் நாவலின் முடிவில், சிட்னி கார்ட்டன் தான் நேசித்த பெண்ணின் கணவனுக்காக ஆள் மாறிச் சாகப் போகிறான். அன்று சாக வேண்டியவர்கள் 52 பேர். வண்டியில் அவன் கையைப் பற்றிக்கொண்டு வருபவள் ஓர் ஏழைத் தையல்காரப் பெண். சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவள், ஆனால் ஒரு பாவமும் அறியாதவள். கடைசி வரை அவள் பெயரையும் டிக்கன்ஸ் சொல்வதில்லை. பின்னல் போடும் பெண்கள் இருபத்திரண்டு என்று எண்ணும்போது அவள் போய்விடுகிறாள். இருபத்து மூன்று என்னும்போது அவன். அந்த 17,000 பேரில் பெரும்பாலோர் யாரோ, அவர்களில் ஒருத்திதான் அவள். காதல் கதை படிக்க வந்த நம்மை, அவளுக்காகக் கண்ணீர் விட வைத்து அனுப்புகிறார் ஆசிரியர்.

ஹெட் கிளார்க் சொன்ன பதில்

இனி, என் வாழ்வில் நடந்த ஒன்று. ஹௌரா பக்கம் வேலை பார்த்தபோது வங்காளி படிக்கக் கற்றுக்கொண்டேன். 1980-களின் பிற்பகுதியில் நான் ஆர்வத்துடன் படித்த நாவல் சமரேஷ் மஜும்தாரின் 'கால்பேலா'. நமக்கு ராகு காலம் போல, வங்காளிகள் விலக்கி வைக்கும் அசுப வேளையின் பெயர் அது. 1984-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. 1967-ல் நக்சல்பாரியில் கிளம்பிய தீ கல்கத்தாக் கல்லூரிகளைப் பற்றிக்கொண்ட காலம். அனிமேஷ் என்ற மாணவன் இயக்கத்தில் சேர்ந்து, சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி, கால்கள் ஊனமுற்று வெளியே வருகிறான். திருமணமாகாமலே அவன் குழந்தையைப் பெற்று, குடிசைப் பகுதியில் ஓர் அறையில் தனியாக வளர்த்து வரும் மாதவிலதா அவனை அழைத்துப்போகிறாள்.

எங்கள் அலுவலக ஹெட் கிளார்க்கிடம் இதை வானளாவப் புகழ்ந்தேன். அவர் என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கதையில் அந்தப் பெண்ணுக்கு நொண்டியாகவாவது ஒருவன் திரும்பக் கிடைத்தான், சார். எங்கள் தாதா 1971-ல் ஒரு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். அவ்வளவுதான்."

எனக்குப் பேச்சு எழவில்லை. எதற்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி வாய் திறந்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் போகும்போது அவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப்போனார். மூன்று மாதம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து, "இதற்கு அடுத்த பாகம் 'கால்புருஷ்' வந்திருக்கிறதாமே, இருந்தால் கொடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அந்தப் பெண் காத்திருக்கும் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள்" என்றார்.

ஆசிரியைச் சகோதரிக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். கொன்றவர்களின் பெயரும் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையும் வரலாற்று நூல்களில் கிடைக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. காதல் கதைதான் அவர்களுக்கு ஓர் இடம் தருகிறது. அந்தத் தாய்க்கு அது அவமரியாதையாகத் தோன்றவில்லை.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

எனினும் எல்லாப் புத்தகங்களும் இந்த மரியாதையைப் பெறத் தகுந்தவை அல்ல. எனவே இத்தகைய நாவலைக் கையில் எடுக்கும் அன்பர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: கதாநாயகன், கதாநாயகி தவிர்த்து, செத்துப்போகும் யாருக்காவது ஆசிரியர் முகம் தந்திருக்கிறாரா?

இரண்டு: மக்கள் ஏன் கொதித்தெழுந்தார்கள் என்பதைச் சொல்கிறாரா? டிக்கன்ஸ் சொல்கிறார். பிரபுவின் வண்டிச் சக்கரத்தில் ஒரு குழந்தை நசுங்கிச் சாக, அவர் ஒரு நாணயத்தை வீசி எறிந்துவிட்டுப் போகும் காட்சியை மறக்க முடியாது.

மூன்று: புத்தகத்தை மூடியபின், உண்மையில் நடந்தது என்ன என்று தேடிப் படிக்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அந்நாவல் தன் கடமையைச் செய்துவிட்டது.

அடுத்த மாத வாசகர் வட்டத்தில் கல்கியின் 'அலை ஓசை'. நாட்டுப் பிரிவினைக் கலவரம் வரை செல்லும் கதை. பேசுபவர் அதே ஆசிரியைச் சகோதரி. இந்த முறை கேள்வி கேட்பது என் முறை. அன்பர்கள் திரளாக வரவேண்டும்.