ஒரு கடல் வற்றிய ஊர்

மிட்லண்ட், டெக்சஸ்

அன்புள்ள கார்த்திக்,

நேற்று உன் அப்பா போனில் சொன்னான். தேங்ஸ்கிவிங் விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் லப்பக்கிலிருந்து ஒரே காரில் கிளம்பி, கார்ல்ஸ்பாட் குகை, குவாடலூப்பே மலை, ஒயிட் சாண்ட்ஸ், சாண்டா ஃபே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வரப் போகிறீர்களாம். குகைக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறீர்களாம். அது போதுமா என்று அத்தையிடம் கேட்கச் சொன்னாயாம்.

போதாது. சாண்டா ஃபேயையும் ஒயிட் சாண்ட்ஸையும் இந்த முறை விட்டுவிடு. தேங்ஸ்கிவிங்குக்குப் பதிலாக அக்டோபர் முதல் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பு. கார்ல்ஸ்பாடில் இரண்டு இரவு தங்கு. ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன்.

மாதத்தை மாற்றச் சொல்வது வௌவால்களுக்காக. அந்தக் குகையில் கோடைக்காலம் முழுக்க லட்சக்கணக்கான பிரேசிலிய வௌவால்கள் குடியிருக்கும். மே கடைசி முதல் அக்டோபர் வரை, அந்தி சாயும் நேரத்தில் குகை வாயிலிலிருந்து கூட்டம் கூட்டமாகச் சுழன்று மேலேறி, பெக்கோஸ் ஆற்றுப் பக்கம் பூச்சி வேட்டைக்குப் போகும். குளிர் தொடங்கியதும் மெக்சிகோவுக்குப் பறந்துவிடும். தேங்ஸ்கிவிங்குக்குப் போனால் வெறும் வாயிலைத்தான் பார்ப்பாய். 1898-இல் ஜிம் ஒயிட் என்ற மாடு மேய்க்கும் பையன் தூரத்தில் புகை கிளம்புகிறது என்று எண்ணிப் போய்ப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது வௌவால் கூட்டம். அவன் கம்பியாலும் கட்டையாலும் ஏணி செய்து உள்ளே இறங்கினான். வௌவால் எச்சத்தை வெட்டிக் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு உரமாக அனுப்பிய காலம் அது. முதலில் வந்த பார்வையாளர்களை அந்த எச்சம் அள்ளும் வாளியில்தான் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள். 1923-இல் அது தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று, 1930-இல் தேசியப் பூங்கா, 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இனி, நான் எண்ணெய் வயல் மண்ணைப் படித்தே பிழைத்தவள் என்பதால் ஒரு சங்கதி. அதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊரில் பார்க்கிற எல்லாமே ஒன்றோடொன்று பொருந்தும். சுமார் 26.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஒரு கடல் இருந்தது. அதன் விளிம்பில் கடற்பஞ்சுகளும் பாசிகளும் குதிரை லாட வடிவில் நானூறு மைல் நீளத்துக்குச் சுண்ணாம்புத் திட்டு கட்டின. கடல் வற்றியது. வற்றும்போது ஜிப்சமும் உப்பும் பொட்டாஷும் அடுக்கடுக்காகப் படிந்தன. அடியில் புதைந்த உயிர்ச்சத்து எண்ணெயும் எரிவாயுவும் ஆயிற்று. புதைந்த திட்டு பின்னர் மேலே தூக்கப்பட்டு வெளியே தெரிகிற இடம்தான் குவாடலூப்பே மலை.

உலகில் பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகள் மழைநீர் அரித்து உண்டானவை. இது வேறு ரகம். எண்ணெய் வயலிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேலே கசிந்து வந்து, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைத் தொட்டதும் கந்தக அமிலமானது. அந்த அமிலம் நாற்பது முதல் அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பாறையைக் கரைத்துக் குடைந்தவைதான் இந்தக் கூடங்கள். அதே வாயுவுக்குப் பயந்து எங்கள் வயல்களில் இன்றும் ஒவ்வொருவரும் சட்டைக் காலரில் அபாயமணிக் கருவி மாட்டிக்கொண்டுதான் ரிக்கில் ஏறுவோம். அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவான். லப்பக்கிலிருந்து போகும் வழியில் ஹாப்ஸ் தாண்டியதும் இருபுறமும் எண்ணெய் இறைக்கும் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அலுப்போடு பார்க்காதே. நீ பார்க்கப் போகும் குகையைக் குடைந்த அமிலத்துக்கும் அவை இறைக்கும் எண்ணெய்க்கும் பூர்வீகம் ஒன்றே.

இப்போது நடைமுறை. ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் குகைக்குள் நுழையும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு டாலர். நுழைவுக் கட்டணம் 15 டாலர் அங்கே போய்க் கட்டுவது. காலையின் முதல் நேரங்களில் ஒன்றைப் பிடி. பிற்பகலானால் நடந்து இறங்கும் வழியை அடைத்துவிடுவார்கள். நியூ மெக்சிகோவில் கடிகாரம் லப்பக்கைவிட ஒரு மணி நேரம் பின்னால். அந்தக் குழப்பத்தில் முன்பதிவை விட்டுவிடாதே. எல்லை மாநிலம் என்பதால் பாஸ்போர்ட்டும் ஐ-20 படிவமும் கையில் இருக்கட்டும்.

சான் அன்டோனியோ பக்கம் நேச்சுரல் பிரிட்ஜ் குகைக்குப் போன படத்தை அனுப்பியிருந்தாயே, அன்று போட்டிருந்த ஷூவையும் துணியையும் இங்கே கொண்டுவராதே. வௌவால்களைக் கொல்லும் வெள்ளைமூக்கு நோயின் பூஞ்சை அப்படியும் ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். நுழையும்போது ரேஞ்சர் கேட்பார். உண்மையைச் சொல்.

லிஃப்ட் இருக்கிறது. கீழே போக அதில் ஏறாதே. இயற்கை வாயில் வழியாக நடந்து இறங்கு. ஒன்றேகால் மைல் தூரத்தில் சுமார் 750 அடி ஆழம் இறங்குவாய். அது ஏறக்குறைய எண்பது மாடி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் லிஃப்ட். உனக்கு இருபத்து மூன்று வயது. வாயிலருகே குகைக் குருவிகள் கிறீச்சிடும், எச்ச வாடை அடிக்கும், பாறையில் பழைய கடல் உயிர்களின் பதிவுகள் தெரியும். வளைவு வளைவாக இறங்க இறங்க வெயில் குறைந்து, ஒரு திருப்பத்தில் வெளிச்சம் அற்றுப்போகும். அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போ. லிஃப்டில் ஒரு நிமிடத்தில் இறங்கியவனுக்கு எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பதே உறைக்காது. உள்ளே ஆண்டு முழுதும் 13 டிகிரி. மெல்லிய ஜாக்கெட்டும் வழுக்காத ஷூவும் போதும்.

கீழே ‘பிக் ரூம்’ என்ற பெருங்கூடம். அதைச் சுற்றிவர இன்னொரு ஒன்றேகால் மைல். எல்லாரும் ராட்சதத் தூண்களைப் படம்பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஜயண்ட் டோம் 62 அடி உயரம், அதையும் பார். ஆனால் பாதையோரம் வெண்மையாக, வேலைப்பாடு எதுவும் இல்லாமல் கிடக்கும் பெரிய கட்டிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை ஜிப்சம். கந்தக அமிலம் சுண்ணாம்பைத் தின்றபின் விட்டுப்போனது. அமிலம்தான் குகையைக் குடைந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சாட்சி அது. மேலிருந்து சொட்டிய நீர் அவற்றில் குழாய் போல நேராகத் துளை இறக்கியிருக்கும். குனிந்து பார். தூண்களில் பெரும்பாலானவை இப்போது வளர்வதில்லை, மழை மிகுந்திருந்த பழைய காலத்தில் வளர்ந்து நின்றவை. தொட்டால் விரலின் எண்ணெய்ப்பசை படிந்து கறுத்துப்போகும். மழை வந்து கழுவிவிடும் இடமும் அல்ல.

குகைக்குள் தண்ணீர் மட்டும்தான் கொண்டுபோகலாம். சிப்ஸ், முறுக்கு, சூயிங்கம் எதுவும் பையில் வேண்டாம். 2024-இல் யாரோ ஒரு சீட்டோஸ் பாக்கெட்டைப் பிக் ரூமில் போட்டுவிட்டுப் போனார். ஈரத்தில் ஊறிய சோள மாவில் பூஞ்சை பிடித்தது. அதை மொய்க்கக் குகைப் பூச்சிகளும் சிலந்திகளும் ஈக்களும் வந்தன. பூஞ்சை பக்கத்துப் பாறைகளுக்கும் பரவியது. ரேஞ்சர்கள் உட்கார்ந்து சுரண்டி எடுத்தார்கள். நம் துணியிலிருந்து உதிரும் நூல் பிசிறுகூட அங்கே குப்பைதான். அதைப் பொறுக்குவதற்கென்றே தன்னார்வலர்கள் வந்து தூரிகையும் சாமணமுமாக உட்காருகிறார்கள். பேச்சையும் மெதுவாக வைத்துக்கொள். நாலு பையன்கள் சேர்ந்து சிரித்தால் கூடம் முழுக்க எதிரொலிக்கும்.

திரும்பி வரும்போது லிஃப்டில் ஏறிக்கொள், தவறில்லை. மதியத்துக்குமேல் ஊருக்கு ஓடாதே. வாயிலருகே பாலைவனச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்த சிறு நடைபாதை இருக்கிறது. சிவாவாப் பாலைவனத்தின் கற்றாழை இனங்களை அதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். மாலையில் திறந்தவெளிப் படிக்கட்டு அரங்கில் வௌவால் பார்க்க உட்காரு. ரேஞ்சர் பேச்சு முடிந்ததும் போன், கேமரா, லேப்டாப் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் வௌவால்களுக்கு இடைஞ்சல். நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. ஒன்று, சிட்டிங் புல் அருவி. பாலைவனத்துக்கு நடுவே 150 அடி உயரத்திலிருந்து ஊற்றுநீர் விழுகிறது. அந்த நீரில் கரைந்துவந்த சுண்ணாம்பே படிந்து படிந்து அருவிப் பாறையைக் கட்டியிருக்கிறது. வழியில் போன் சிக்னல் கிடைக்காது. மேகம் கறுத்திருந்தால் பள்ளத்தாக்குக்குள் போகாதே, திடீர் வெள்ளம் வரும் பூமி. மற்றது, மாநில எல்லை தாண்டி டெக்சஸ் பக்கம் குவாடலூப்பே. 8,751 அடி சிகரத்தில் ஏறி இறங்க ஒரு முழுநாள் வேண்டும். ஞாயிறு மாலை லப்பக் திரும்பவேண்டியவர்களுக்கு அது ஆகாது. மக்கிட்ரிக் பள்ளத்தாக்கில் காலாற நடந்துவிட்டு வா. இலைகள் சிவப்பது அக்டோபர் கடைசியில்தான், ஆனால் கடற்திட்டின் குறுக்குவெட்டு எல்லா மாதமும் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கவேண்டும். பெட்ரோலைக் கார்ல்ஸ்பாடிலேயே நிரப்பு.

சாப்பாடு பற்றி உன் அப்பா கவலைப்பட்டான். எனக்குக் கவலை இல்லை. நியூ மெக்சிகோவில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, “சிவப்பா, பச்சையா?” என்பதுதான். மிளகாய்ச் சாற்றைக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் “கிறிஸ்துமஸ்” என்று சொல். முதல் நாள் அப்படியே சொல்லி இரண்டையும் ருசி பார்த்துவிடு. என்சிலாடாவைச் சுருட்டாமல் தோசை அடுக்குவதுபோல் அடுக்கி, மேலே ஒரு முட்டை போட்டுத் தருவார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. கடைசியில் சோபாபியா வரும். உப்பிய அந்தப் பொரித்த ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி உள்ளே தேன் விடவேண்டும். உங்களில் சைவம் யாராவது இருந்தால் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா, பச்சை மிளகாய்ச் சாற்றில் இறைச்சி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சேர்ப்பதுதான் அங்கே சாதாரணம். ஒரு இரவு கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கனால் தெருவில் டிரினிட்டி ஹோட்டல் இருக்கிறது. 1892-இல் வங்கிக்காகக் கட்டிய கட்டடம். பார்பெக்யூ கடைகளும் உண்டு. ஞாயிறு அன்று சிறு கடைகள் பல மூடியிருக்கும், சனி இரவே விசாரித்துவை.

வெள்ளிக்கிழமை கிளம்பச் சொன்னதற்கு இன்னொரு காரணம், அறை வாடகை. வாரநாட்களில் எண்ணெய் வயல் ஆட்கள் ஹோட்டல்களை நிரப்பிவிடுவார்கள். சாதாரண அறைக்கே நல்ல விலை சொல்வார்கள். வாரக்கடைசியில் இறங்கும். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் பெக்கோஸ் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வா. பாசனக் கால்வாய் ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டிக் கடந்துபோவதையும் பார். 1903-இல் கான்கிரீட்டில் கட்டியது. உப்பும் எண்ணெயும் நிறைந்த மண்ணில் ஒரு ஊர் பிழைத்திருப்பது அந்தத் தண்ணீரால்தான்.

கடைசியாகச் சாலை. மணல் லாரிகளும் தண்ணீர் டேங்கர்களும் இரவு பகல் பாராமல் ஓடுகிற தடம் அது. இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு ஓட்டும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களோடு வேலை செய்தவள் சொல்கிறேன். இருவழிச் சாலையில் லாரியை முந்தப் பார்க்காதே. கார்ல்ஸ்பாடுக்குத் தெற்கே 285-ஆம் நெடுஞ்சாலையில் இருட்டியபின் கால் வைக்காதே. வௌவால் பார்த்துவிட்டு மலைப்பாதையில் இறங்கும்போது மான் குறுக்கே வரும், மெதுவாக வா. ஞாயிறு வெளிச்சத்திலேயே லப்பக்குக்குக் கிளம்பிவிடுங்கள்.

நாலு இடம் பார்த்தோம் என்று படம் போடுவது சுலபம். ஒரு இடத்தை அதன் மண்ணோடும் தண்ணீரோடும் சாப்பாட்டோடும் பார்த்துவிட்டு வருகிறவனுக்குத்தான் பெட்ரோல் காசு வீண்போகாது. அறையையும் குகை நேரத்தையும் இன்றைக்கே பதிவுசெய், எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை