மூன்று காரட் கலப்படம்

கொலை பெரிய பாவமா, ஏமாற்று பெரிய பாவமா? யாரைக் கேட்டாலும், "இதிலென்னப்பா சந்தேகம், கொலைதான்" என்பார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே (1265–1321) இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்.

'டிவைன் காமெடி' என்ற அவருடைய காவியத்தில் 100 படலங்கள். முதல் பகுதி நரகம். பூமிக்குள் புனல் மாதிரி இறங்கும் 9 வட்டங்கள். கீழே போகப்போகக் குற்றம் பெரிது. காமம், பெருந்தீனி, கோபம் என்று மனதை அடக்கத் தெரியாமல் செய்த தப்புகள் மேல் வட்டங்களில். கொலைகாரர்கள் 7-ஆவதில், கொதிக்கும் இரத்த ஆற்றில். ஏமாற்றுக்காரர்களோ அதற்கும் கீழே 8-ஆவதில்! தன்னை நம்பியவரையே காட்டிக்கொடுத்த துரோகிகள் கடைசி வட்டத்தில். அங்கே நெருப்பே கிடையாது, வெறும் பனிக்கட்டி.

ஏன் இப்படி? மூர்க்கம் மிருகத்துக்கும் உண்டு; அறிவு மனிதனுக்கு மட்டுமே உரியது. அந்த அறிவையே கருவியாக்கி அடுத்தவன் நம்பிக்கையை அறுப்பதுதான் தாந்தேக்குப் பொறுக்காத குற்றம்.

இதற்கு அவர் காட்டும் ஆள் ஆதாம் என்ற கள்ள நாணயக்காரன். ஃபிளாரன்ஸ் நகரம் 1252 முதல் அடித்த ஃபுளோரின் 24 காரட் தங்கம். ஆதாம் அதில் 3 காரட் மட்ட உலோகம் கலந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழு காசுத் தங்கத்தில் எட்டுக் காசு! பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வாங்குகிறவன் ஒவ்வொரு காசையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் சந்தை என்ன ஆகும்?

நரகத்தில் அவன் வயிறு மகோதரத்தால் வீங்கிக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் தவிக்கிறான். ஆனால் அந்தத் தண்ணீரைவிட அவன் ஆசைப்படுவது வேறொன்று: தன்னை இந்த வேலையில் இறக்கிவிட்ட பிரபுக்களும் இங்கே வதைபடுவதைப் பார்க்கவேண்டும்! நூறு வருஷத்துக்கு ஓர் அங்குலம் நகர முடிந்தால்கூட அவர்களைத் தேடி இந்நேரம் புறப்பட்டிருப்பானாம். மனித மனசை இதைவிடத் துல்லியமாக அளக்க முடியுமா என்ன?

லஞ்சம் வாங்கிய அதிகாரிகளுக்கும் இதே வட்டத்தில் இடமுண்டு. கொதிக்கும் கீலில் முழுகிக் கிடக்கிறார்கள். அந்தக் கீலுக்கு உவமை வெனிஸ் கப்பல் பட்டறை. ஒருவன் துடுப்பு செதுக்க, ஒருவன் கயிறு முறுக்க, ஒருவன் பழைய கப்பலின் இடுக்கை அடைக்க, அச்சு அசல் ஒர்க்‌ஷாப்தான் போங்கள்! இதில் ஒரு வேடிக்கை. 1300-இல் நகர ஆட்சிக் குழுவில் இரண்டு மாதம் பதவி வகித்த தாந்தே மீதே, 1302-இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்ததும் இதே லஞ்சக் குற்றம் சாட்டப்பட்டது. பிடிபட்டால் உயிரோடு எரிக்கவும் உத்தரவு. ஊர் திரும்பாமலே ராவென்னாவில் கண்ணை மூடினார்.

ஆனாலும் மற்றவர்களை மட்டும் குழியில் தள்ளிவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை. மரக்குதிரையை நம்பவைத்து டிராய் நகரைக் கவிழ்த்த சைனான் ஆதாமுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறான். இருவருக்கும் அடிதடி. தான் சொன்னது ஒரே பொய், நீ அடித்த காசு எத்தனை என்று சைனான் மடக்குகிறான். தெருச்சண்டையைப் பார்ப்பதுபோல் தாந்தே ரசித்து நிற்கிறார். வழிகாட்டியாக வந்த ரோமானியக் கவிஞர் வெர்ஜில் அதட்டுகிறார்: இதைக் கேட்க ஆசைப்படுவதே கீழான ஆசையாம். வெட்கத்தில் தாந்தேக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.