வால் தோர்ச்சா: இத்தாலியின் வயல்வெளியை நிதானமாகச் சுற்ற 17 குறிப்புகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகருக்குத் தெற்கே இருக்கிறது ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்குள்ளவர்கள் ‘வால் தோர்ச்சா’ என்கிறார்கள். வளைந்து ஏறும் மண்பாதை, ஓரமாக ஊசி ஊசியாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள், குன்றின் உச்சியில் ஒரு கல்வீடு என்று நாட்காட்டிகளில் நாம் பார்த்த காட்சிகளில் பல இங்கே எடுக்கப்பட்டவை. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் சியெனா நகர அரசு திட்டமிட்டுத் திருத்திய விளைநிலம் இது. 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இன்றும் இங்கே உழுகிறார்கள், விதைக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். பேருந்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் திரும்பிவிடுபவர்களுக்கு இந்த ஊரின் அருமை தெரியாமலே போய்விடுகிறது. மூன்று நான்கு நாள் தங்கி, பாதி தூரத்தையாவது நடந்து பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. எந்த மாதம் போவது என்பதைப் பயிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோதுமை பச்சைப் பசேலென்று நிற்கும். மே மாதத்தில் நடுநடுவே சிவப்புப் பாப்பிப் பூக்களும் பூத்திருக்கும். ஜூன் இறுதியில் கதிர் முற்றி அறுவடை தொடங்கும். ஜூலையில் சூரியகாந்தி பூக்கும். அதற்குப் பிறகு உழுது போட்ட மண்ணின் பழுப்பு நிறம்தான் எங்கும். நடப்பதற்கு மே மாதமும் செப்டம்பர் கடைசியும் இதமானவை. ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமையானது. ஒதுங்க மரநிழலும் கிடைக்காது.

2. தினம் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பியென்ட்ஸா, சான் குயிரிகோ ஆகிய இரண்டில் ஒன்றில் தங்கினால் மற்ற ஊர்கள் எல்லாம் பக்கம். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 10 கி.மீ. மட்டுமே.

3. முடிந்தால் ‘அக்ரிதுரிஸ்மோ’ எனப்படும் பண்ணை வீட்டில் தங்குங்கள். விவசாயக் குடும்பங்கள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைக்க 1985-இல் இத்தாலி தனிச் சட்டம் கொண்டுவந்தது. பல பண்ணை வீடுகளில் சமையலறை உண்டு. அரிசி, பருப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் கொண்டுபோனால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுக் கவலை தீரும்.

4. இந்தப் பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்களுக்கு ரயில் வசதி இல்லை. ரோம் - புளோரன்ஸ் தடத்தில் உள்ள கியூசி நிலையத்திலோ சியெனாவிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் மிகக் குறைவு. அதனால் வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் ஞாயிறாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கார் ஓட்டுவதானால், இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

6. பழைய ஊர்களின் மதிலுக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாத பகுதிகள் உண்டு. சிவப்பு வட்டம் போட்ட பலகை இருக்கும். அதைத் தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும். நீங்கள் வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்துக்கூட அபராதச் சீட்டு வரலாம். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதே நல்லது. வெள்ளைக்கோடு போட்ட இடம் இலவசம், நீலக்கோட்டுக்குக் கட்டணம், மஞ்சள்கோடு ஊர்க்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. வெள்ளைக்கோட்டிலும் நேரக் கட்டுப்பாடு இருக்கலாம். பக்கத்துப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

7. பள்ளத்தாக்கில் இறங்குமுன் சியெனாவில் அரை நாள் செலவிடுங்கள். அங்குள்ள நகர மன்ற மாளிகையின் சுவரில் 1338-39-இல் அம்ப்ரோஜோ லொரென்ஸெட்டி தீட்டிய நல்லாட்சி ஓவியம் இருக்கிறது. நல்ல அரசு நடந்தால் நாட்டுப்புறம் எப்படி இருக்கும் என்று அதில் காட்டியிருக்கிறார்: உழும் விவசாயிகள், அச்சமின்றிப் பயணம் செய்யும் வணிகர்கள், ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட வயல்கள். இதைப் பார்த்துவிட்டு வால் தோர்ச்சாவுக்குப் போனால், எதிரே தெரியும் குன்றுகள் ஓர் ஆட்சி தன் நிலத்தைப் பற்றிக் கண்ட கனவு என்பது புரியும்.

8. பியென்ட்ஸாவை மாலையில் பாருங்கள். கோர்சிஞானோ என்ற சிற்றூரில் பிறந்த ஒருவர் 1458-இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். மறு ஆண்டே கட்டடக் கலைஞர் ரொஸ்ஸெல்லினோவைக் கொண்டு, பிறந்த ஊரை ஒரு முன்மாதிரி நகரமாகத் திருத்திக் கட்டத் தொடங்கினார். நகரின் பெயரும் அவர் பெயரிலிருந்து வந்ததே. அங்கே அவர் கட்டிய பிக்கொலோமினி மாளிகையின் பின்புறத் தாழ்வாரங்கள், பள்ளத்தாக்கையும் எதிரே 1,738 மீட்டர் உயர அமியாட்டா மலையையும் பார்த்தபடி அமைந்தவை. மதிலோரப் பாதையிலிருந்து அதே காட்சியைக் காசில்லாமலும் பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம் கீழே இறங்கினால், அந்தப் போப் ஞானஸ்நானம் பெற்ற பழைய கோயில் இருக்கிறது. கூட்டம் அங்கே இறங்குவதில்லை. நீங்கள் அவசியம் இறங்குங்கள்.

9. நடைக்குப் பழக்கமில்லாதவர்கள் சிறு தூரத்தில் தொடங்கலாம். சான் குயிரிகோவுக்கும் பியென்ட்ஸாவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் நிற்க, விட்டாலெட்டா மாதா சிற்றாலயம் தனியாக இருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு மண்பாதையில் நடந்து போவதற்கு ஏற்ற இடம். காலையில் சீக்கிரம் கிளம்பினால் வெயிலும் குறைவு, ஆட்களும் குறைவு.

10. நன்றாக நடப்பவர்களுக்கு வியா ஃபிரான்சிஜெனா இருக்கிறது. இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை இது. 990-இல் சிஜெரிக் என்ற பேராயர் ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது, தங்கிய இடங்களைக் குறித்து வைத்தார். இன்றைய பாதை அந்தப் பட்டியலை ஒட்டியது. சான் குயிரிகோவிலிருந்து ராடிகோஃபானி கோட்டைக்குப் போகும் பகுதி சுமார் 33 கி.மீ., கடைசியில் செங்குத்தான ஏற்றம். ஒரே நாளில் முடிக்க நல்ல உடல்வலு வேண்டும். முடியாதவர்கள் சான் குயிரிகோவிலிருந்து பாஞோ விஞோனி என்ற ஊர் வரை நடந்தாலே போதும், மனம் நிறையும்.

11. மழை பெய்த மறுநாள் மண்பாதையைத் தவிருங்கள். இது களிமண் பூமி. காலணியின் அடியில் அப்பிக்கொண்டு கனக்கும், சறுக்கும். மற்ற நாட்களிலும் அடிப்பக்கம் பிடிப்புள்ள காலணி, தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஊர்க் குழாய்களில் ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

12. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி வரை வேட்டைக் காலம். காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேட்டையாடச் சட்டத்தில் தடை உண்டு. காட்டோரப் பாதைகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

13. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இங்குள்ள ‘வெள்ளைச் சாலைகள்’, அதாவது தார் போடாத சரளைச் சாலைகள், பெரிய விருந்து. இவற்றைத் தார்ப்பூச்சிலிருந்து காக்கும் நோக்கத்தோடுதான் 1997-இல் ‘லெரோயிக்கா’ என்ற பழைய சைக்கிள்களின் ஓட்டம் தொடங்கியது. அதன் 209 கி.மீ. தடம் மொன்டால்ச்சினோ என்ற ஊர் வழியாகவும் போகிறது; ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் உண்டு. ஏற்றம் அதிகம் என்பதால் மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். சரளை இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காதீர்கள்.

14. பாஞோ விஞோனியின் ஊர் நடுவில் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில், நம் தெப்பக்குளம் மாதிரி ஒரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. அதில் இறங்கத் தடை. குளத்து நீர் வாய்க்காலாக ஓடி ஊர் எல்லையில் பாறைச் சரிவில் விழும். அங்கே கால் நனைக்கலாம். வற்றாத இந்த ஊற்றுநீரால் கோடையிலும் ஓடிய பழைய மாவு ஆலைகளின் மிச்சங்களைச் சரிவில் பார்க்கலாம். குளிக்க விரும்புபவர்கள் அமியாட்டா அடிவாரத்தில் உள்ள பாஞி சான் ஃபிலிப்போ போங்கள். காட்டுக்குள் சுண்ணாம்பு படிந்து வெள்ளைப் பாறையாக நிற்கும் இடத்தில் வெந்நீர் வழிகிறது, கட்டணமில்லை. கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எதுவானாலும் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். நீரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைத்துவிடும். வாடை ஒட்டிக்கொள்ளும் என்பதால் பழைய குளியல் உடையே போதும்.

15. மதியச் சாப்பாடு சுமார் 12.30 முதல் 2.30 வரை, இரவுச் சாப்பாடு 7.30-க்கு மேல்தான். இடையில் பல சமையலறைகள் மூடியிருக்கும். குழந்தைகளுக்குப் பழம், ரொட்டி கைவசம் இருக்கட்டும். டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது. அதுவே அவர்கள் வழக்கம். சைவர்கள் ‘பீச்சி அல்லாலியோனே’ கேளுங்கள். கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவும் பூண்டும் தக்காளியும் சேர்ந்த அது நம் நாக்குக்குப் பிடிக்கும். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே’ என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். பியென்ட்ஸாவின் பெருமை பெக்கொரினோ என்னும் ஆட்டுப்பால் சீஸ். அதை உறையவைக்க பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. ஊருக்கு எடுத்துவர நாள்பட்ட வகையை, காற்று நீக்கி அடைத்துத் தரச்சொல்லி வாங்குங்கள்.

16. மொன்டால்ச்சினோவுக்குத் தெற்கே ஆலிவ் தோப்புகள் நடுவே சான்ட் ஆன்டிமோ மடாலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வெயில் பட்டால் அதன் வெளிர்நிறக் கல் பொன்போல ஒளிரும். எந்தத் தேவாலயம் என்றாலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் எல்லா இடத்துக்கும் உதவும்.

17. படம் எடுப்பதற்காகப் பயிருக்குள் இறங்காதீர்கள். சாலையோரம் நின்றாலே நல்ல படம் கிடைக்கும். திறந்திருந்த வேலிக்கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். ஆட்டுமந்தையோடு பெரிய காவல்நாய் இருந்தால் தள்ளி நின்று மந்தை போக வழிவிடுங்கள். எண்ணெய், சீஸ், தேன் எல்லாவற்றையும் விளைவித்த பண்ணையிலேயே வாங்குங்கள். 1950, 60-களில் இங்கே வாரக் குத்தகை முறை முடிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயின. மிஞ்சியவர்களும் சார்டினியாவிலிருந்து ஆடுகளோடு வந்து குடியேறியவர்களும்தான் இந்த மண்ணை மறுபடி எழுப்பினார்கள். நீங்கள் பண்ணையில் கொடுக்கும் காசு அடுத்த ஆண்டு விதைப்புக்குப் போகும். விதைப்பு நின்றால் பார்ப்பதற்கு அந்தப் பச்சைக் குன்றுகளும் இருக்காது.