மலைப்பந்தலும் மனவேட்கையும்

‘பியூரிட்டன்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், நகையை வெறுத்து இன்பத்தைப் பகைத்த கடுமுகத்தினரையே மாணாக்கர் பலர் நினைப்பர். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் அளித்த இரட்சணிய யாத்திரிகத்தைப் பயின்று, அதற்கு முதனூலாகிய ஜான் பனியனின் 1678-ஆம் ஆண்டு நூலையும் புரட்டிய பின்னரே அந்நினைவு தளர்ந்தது.

பனியன் கதையில் இடர்மலை ஒன்று வருகின்றது. களைத்தோர் இளைப்பாறுதற்கென அம்மலையின் தலைவரே அதன் நடுவில் ஒரு பந்தல் அமைத்திருக்கின்றார். கிறிஸ்தியான் அதில் அமர்ந்தது குற்றமன்று; அயர்ந்துறங்கித் தன் கைச்சுருளை நழுவவிட்டதே குற்றம். அதனைத் தேடித் திரும்பியமையால், ஒருமுறை நடக்க வேண்டிய வழியை அவன் மும்முறை நடக்க நேர்ந்தது. பந்தல் இன்பமும் இறைவன் தந்ததே. தந்தவரினும் தந்த பொருளை மிகுதியாய் விழைவதே பிழை. நோயுற்றுச் சாவை எதிர்நோக்கியிருந்த காலத்தில் ரிச்சர்டு பாக்ஸ்டர் எழுதத் தொடங்கி 1650-இல் வெளியிட்ட நூலும், புலன்கள் நுகரும் இனிமையைப் பரலோக இனிமைக்கு ஏறும் படியாக்கிக்கொள்ளச் சொல்கின்றது. வள்ளுவரும் துறவதிகாரத்தின் இறுதியில், பற்று விடுதற்கே ஒரு பற்றினைக் கொள்ளச் சொல்கின்றார் அன்றோ? ஆயினும், அவாவை அறுக்கவேண்டும் என்பதற்கும் அதனை வரிசைப்படுத்தவேண்டும் என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

அத்தகைய பந்தலொன்று பழனிமலைத் தொடரிலும் உண்டு. புது இங்கிலாந்துப் பியூரிட்டன்களின் வழிவந்த சபையினரான அமெரிக்க மதுரை மிஷனார், சமவெளிக் காய்ச்சலுக்குத் தம்மவர் பலரைப் பறிகொடுத்தபின், 1845-இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். மோட்டார்ப் பாதை இல்லாத அக்காலத்தில் நடந்தும், குதிரையேறியும், ஆட்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்தும் மலையேறினர். தங்கி உடல் தேறியபின் மீண்டும் வெயிலுக்கே இறங்கினர். கிறிஸ்தியான் உறங்கிய இடத்தில் அவர்கள் விழித்திருந்தனர் என்றே நாம் கொள்கின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் நடைபாதையில் நாம் நின்றோம். குளிர்காற்றை விட்டு இறங்க மனம் வரவில்லை. கீழே தேர்வு முடிவு காத்திருந்தது. முதல் வகுப்பிற்காக நாம் வேண்டிக்கொண்ட அளவு வேறெதற்கும் வேண்டியதில்லை என்பது அங்கேதான் உறைத்தது, வெட்கமும் உண்டாயிற்று.

பனியனின் இன்பமலைகளில் மேய்ப்பர்கள் யாத்திரிகர் கையில் தொலைநோக்கி கொடுத்து விண்ணகர வாயிலைக் காட்டுவர். கை நடுங்கியதால் அவர்களுக்கு அது தெளிவாய்த் தோன்றவில்லை. கோக்கர்ஸ் நடைபாதையிலும் ஒரு தொலைநோக்கி உண்டு. அது காட்டுவதோ கீழுள்ள சமவெளியை. மேகம் விலகிய சிறுபொழுதில் நம் கண்ணுக்குப் பெரியகுளத்துப் பக்கத்து ஊர்கள் தென்பட்டன. மறுநாட் காலை வத்தலக்குண்டுக்குப் பேருந்து ஏறினோம்.